கத்திரி வெயிலில் தஞ்சாவூர்: முதல் முறை வருகிறவர்களுக்கு

தஞ்சாவூருக்கு எப்போது வரலாம் என்று கேட்டால் மார்கழி, தை என்றுதான் சொல்வேன். ஆனால் பள்ளிக்கூடங்கள் விடுமுறை விடுவது சித்திரையிலும் வைகாசியிலும். அதனால் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடக்கும் நாட்களில்தான் சென்னை, கோவை, பெங்களூர் என்று பல ஊர்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குகிறார்கள். எங்கள் வீட்டுக்கும் ஒவ்வொரு மே மாதமும் இரண்டு உறவினர் குடும்பங்களாவது வரும். அவர்களைக் கூட்டிக்கொண்டு சுற்றியதில் கற்றுக்கொண்டவைதான் இவை. பாதியைத் தவறு செய்து கற்றுக்கொண்டேன்.

முதல் தவறைச் சொல்லிவிடுகிறேன். சித்தப்பா குடும்பம் முதன்முறை வந்தபோது, சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டுப் பெரிய கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தது பகல் பதினொன்றரைக்கு. செருப்பை விட்டுவிட்டு ராஜராஜன் திருவாயிலைத் தாண்டி முற்றத்தில் கால் வைத்ததும் ஆறு வயதுப் பையன் வீறிட்டான். சித்தப்பா அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு நந்தி மண்டபத்துக்கு ஓடினார். நாங்கள் பின்னால் ஓடினோம். அங்கே நின்று, கருவறைக்கு மேல் எழும் கோபுரமான விமானத்தை அண்ணாந்து பார்த்தோம். நடை சாத்தும் நேரம் வந்ததும் மறுபடி வெளியே ஓடினோம். ஆயிரம் ஆண்டுக் கோயிலில் நாங்கள் இருந்தது இருபது நிமிடம், அதில் பாதி ஓட்டம்.

கோடையில் இங்கே ஒரு நாள் என்பது இரண்டு அரை நாள்கள். ஒன்று விடியற்காலையில் தொடங்கிப் பத்து மணிக்கு முடியும். மற்றொன்று நான்கரைக்குத் தொடங்கி இரவு எட்டரைக்கு முடியும். நடுவில் உள்ளது உங்களுடையது அல்ல, வெயிலுடையது. இதை ஏற்றுக்கொண்டால் மீதி எல்லாம் எளிது.

புறப்படும் முன்

அக்னி நட்சத்திரம் என்னும் கத்திரி வெயில் மே 4 வாக்கில் தொடங்கி மாதக் கடைசி வரை நீளும். முடிந்தால் அதற்கு முன்பே, ஏப்ரல் பின்பாதியில் வந்துவிடுங்கள். பெரிய கோயிலின் சித்திரைத் திருவிழாவும் அந்தப் பருவத்தில்தான். நூறாண்டுக்கும் மேலாக நின்றுபோயிருந்த தேரோட்டம் 2015இல் புதுத் தேருடன் மீண்டும் தொடங்கியது. இப்போது நான்கு ராஜ வீதிகளிலும் தேர் வருகிறது. அதைப் பார்க்க ஆசை இருந்தால் அந்த நாளைக் கேட்டறிந்து வாருங்கள். கூட்டம் ஒத்துவராதவர்கள் அதே நாளைத் தவிர்த்துவிட்டு வாருங்கள்.

நாட்காட்டியில் இன்னொன்றையும் பாருங்கள்: பிரதோஷம். அன்று மாலை பெரிய நந்திக்கு நடக்கும் அபிஷேகத்துக்கு ஊரும் சுற்றுவட்டாரமும் திரண்டு வந்துவிடும். பக்தியோடு வருகிறவர்களுக்கு அது எளிதில் கிடைக்காத பேறு. சிற்பம் பார்க்க வருகிறவர்களுக்கு அன்றைய மாலை வீண்.

குறைந்தது இரண்டு இரவு, முடிந்தால் மூன்று இரவு தங்குங்கள். காலையில் வந்து இரவில் திரும்பும் பயணம் கோடைக்கு ஆகவே ஆகாது. வெயில் ஆளும் நடுப்பகலைக் கழிக்க உங்களிடம் ஓர் அறை இருக்காது.

வந்து சேர்வது சிரமம் இல்லை. சென்னை எழும்பூரிலிருந்து இரவு ரயிலும் பகல் ரயிலும் இருக்கின்றன. கோடைக்கு இரவு ரயில்தான் நல்லது; விடியலில் இறங்கினால் முதல் அரை நாள் கையில் இருக்கும். விடுமுறைக் காலத்தில் டிக்கெட் முன்பதிவு தொடங்கியதுமே தீர்ந்துவிடும் என்பதால் தேதி முடிவானதும் எடுத்துவிடுங்கள். விமானத்தில் வருகிறவர்கள் திருச்சியில் இறங்க வேண்டும். அங்கிருந்து சாலை வழியே ஒன்றரை மணி நேரம்.

தஞ்சாவூரில் பேருந்து நிலையம் இரண்டு. வெளியூர்ப் பேருந்துகள் பல வந்து நிற்கும் புதிய பேருந்து நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது. பழையது ஊருக்கு நடுவே, பெரிய கோயிலுக்கு நடந்து போகும் தொலைவில் இருக்கிறது. அறை எடுக்கும்போது, "பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில்" என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் எந்த நிலையம் என்று கேளுங்கள். பழைய பேருந்து நிலையம், ரயில் நிலையம், பெரிய கோயில் ஆகிய மூன்றுக்கும் இடைப்பட்ட பகுதியில் தங்குவதே வசதி. மின்சாரம் போனால் அறையில் மின்விசிறியாவது ஓடுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறை வேண்டாம். பகலெல்லாம் குடித்த வெயிலை இரவு முழுக்க அந்தக் கூரை உங்கள் மேல் இறக்கிக்கொண்டே இருக்கும்.

பையில் என்ன வைப்பது

தொப்பியைவிடக் குடை மேல். வேட்டி, தளர்ந்த பருத்திச் சட்டை, பருத்திப் புடவை, சுரிதார் எல்லாம் கோயிலுக்கும் ஏற்றவை, வெயிலுக்கும் ஏற்றவை. அரைக்கால் சட்டையைத் தவிர்த்துவிடுங்கள். கழற்றி மாட்ட எளிதான செருப்பு போதும். நாடா கட்டும் ஷூ போட்டு வருகிறவர்கள் ஒரு நாளைக்குப் பத்து முறை குனிந்து நிமிர்வதைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருக்கிறேன்.

முக்கியமானது பருத்திக் காலுறை. ஆளுக்கு இரண்டு ஜோடி. கோடையில் முற்றத்தில் தேங்காய் நார் விரிப்பு போட்டிருப்பார்கள். ஆனால் நீங்கள் பார்க்க விரும்பும் சிற்பம் எப்போதும் விரிப்பு போகாத இடத்தில்தான் இருக்கும். வெளி முற்றத்தில் காலுறையோடு நடப்பதை யாரும் தடுத்து நான் பார்த்ததில்லை. சன்னதிக்குள் போகும் முன் கழற்றிவிடுங்கள்.

இரண்டு லிட்டர் தண்ணீர், நாலைந்து ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள், ஒரு ஈரத் துண்டு. முடிந்தால் ஒரு சிறிய தொலைநோக்கி. பெரிய கோயிலின் மேல்தளச் சிற்பங்களை வெறுங்கண்ணால் பார்ப்பது, மாடியில் காயும் துணியைத் தெருவிலிருந்து எண்ணுவது போலத்தான்.

முதல் நாள்: பெரிய கோயிலுக்கு இரண்டு முறை

காலை ஆறு மணிக்கு நடை திறந்துவிடும். ஆறேகாலுக்குள் உள்ளே இருங்கள். நுழைவுக் கட்டணம் எதுவும் இல்லை. முதலில் கேரளாந்தகன் திருவாயில், அடுத்து ராஜராஜன் திருவாயில். பலரும் இந்த இரண்டையும் கடக்கும் வேகத்தைப் பார்த்தால் பின்னால் யாரோ துரத்துவது போல் இருக்கும். நின்று, ராஜராஜன் திருவாயிலின் இருபக்கத்து வாயிற்காவலர்களைப் பாருங்கள். ஒவ்வொருவர் காலடியிலும் நடக்கும் கதையைப் பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

காலையில் முதலில் சாமி தரிசனத்தை முடித்துக்கொண்டு, பிறகு வெளியே வந்து விமானத்தைச் சுற்றுங்கள். இந்த இடத்தில் வெயிலைப் பற்றி ஒரு சூட்சுமம் சொல்ல வேண்டும். ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் தஞ்சாவூரில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேரே நிற்கும். அதன்பின் ஆகஸ்டு பின்பாதி வரை அது நமக்கு வடக்கே சாய்ந்தே எழுந்து, வடக்கே சாய்ந்தே விழும். அதனால் கோடை முழுவதும் விமானத்தின் தென்புறச் சுவரில் நேர் வெயில் படாது. சிவனின் வடிவங்களான பிட்சாடனர், காலாந்தகர், நடராசர் இருப்பது அந்தச் சுவரில்தான்; அவர்களை அவசரப்படாமல் பார்க்கலாம். வடபுறச் சுவருக்கோ கோடையில்தான் நல்ல வெளிச்சம். அந்தப் பக்கத்தை முதலில், ஏழு மணிக்குள் முடித்துவிட்டுத் தெற்கே வாருங்கள்.

வடபுறத்தில் மேலே தொப்பி வைத்த ஐரோப்பியர் உருவம் ஒன்று இருக்கிறது. வெள்ளைக்காரன் வருவான் என்று ராஜராஜன் முன்பே அறிந்து வைத்தான் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். அது பிற்காலத்தில் சேர்ந்தது. விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று சொல்வதும் கட்டுக்கதைதான். இருநூறு அடிக்கும் மேலே எழும் கட்டடத்தின் நிழல் விழாமல் எங்கே போகும்? சூரியன் உச்சியில் நிற்கும் வேளையில், கூம்பி எழும் அந்த வடிவத்தின் நிழல் அதன் தளங்களிலேயே அடங்கிவிடும். மற்ற நேரமெல்லாம் நன்றாகவே விழும். மாலை ஐந்து மணிக்குக் கிழக்கு முற்றத்தில் நூற்றுக்கணக்கான பேர் அந்த நிழலில்தான் உட்கார்ந்து காற்று வாங்குகிறார்கள்.

விமானத்தின் அடித்தளத்தில் கைக்கு எட்டும் உயரத்தில் வரி வரியாக ஓடும் எழுத்துகளைத் தொடாமல் பாருங்கள். 1010ஆம் ஆண்டை ஒட்டி நிறைவேறிய இந்தக் கோயிலுக்கு யார் யார் என்ன கொடுத்தார்கள் என்ற கணக்கு அது. "நாங் குடுத்தனவும், நம் அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும்" என்று தொடங்கி, மற்றவர்கள் கொடுத்ததையும் சேர்த்துக் கல்லிலே வெட்டுக என்று ராஜராஜன் ஆணையிடுகிறான். தனக்கு அடுத்தபடியாக அக்கா குந்தவையைத்தான் நினைத்திருக்கிறான். எழுத்தைப் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. க, ட, ப, ம போன்ற எழுத்துகள் இன்றைய வடிவத்துக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. எங்கள் உறவுப் பெண் ஒருத்தி, பதினொரு வயது, ஒரு வரியில் ஏழு எழுத்துகளைக் கண்டுபிடித்துவிட்டு அதைப் பள்ளிக்கூடம் திறக்கும் வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒன்பது மணிக்குத் தரை சுடத் தொடங்கும்போது திருச்சுற்று மாளிகையின் நிழலுக்குள் போய்விடுங்கள். வரிசையாக லிங்கங்களும் சுவரில் பிற்கால ஓவியங்களும் உள்ள அந்த நீண்ட நடை, வெயிலுக்கென்றே கட்டியது போல இருக்கும். புகழ்பெற்ற சோழர் கால ஓவியங்கள் கருவறையைச் சுற்றிய உள் அறைகளில் இருக்கின்றன. அங்கே பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. அவற்றின் படங்களைத் தொல்லியல் துறை வளாகத்திலேயே வைத்திருக்கும் விளக்கக் கூடத்தில் பார்த்துக்கொள்ளலாம். வடமேற்கு மூலையில் உள்ள சுப்பிரமணியர் சன்னதி நாயக்கர் காலத்தது. சோழர்களின் கல் எவ்வளவு அடக்கமாகப் பேசுகிறதோ அவ்வளவு வாயாடியாக இருக்கும் இந்தக் கல். நந்தியும் நாயக்கர் கால வேலைதான்.

பத்து மணிக்கு வெளியே வந்துவிடுங்கள். பாதிதான் பார்த்தோம் என்று தோன்றும். தோன்றட்டும். மாலை ஐந்துக்கு மறுபடி வரப்போகிறீர்கள். காலையில் பார்த்த கோயில் வேறு, மாலையில் சாய்வெயில் பட்டுத் தேன்நிறத்தில் நிற்கும் கோயில் வேறு. மாலையில் எதையும் "பார்க்க" வேண்டாம்; துண்டை விரித்து உட்காருங்கள். விளக்கு போட்ட பிறகும் ஒரு மணி நேரம் இருந்துவிட்டுத் திரும்புங்கள்.

நடுப்பகல்

சாப்பிடுங்கள், தூங்குங்கள். இதற்கு மேல் அறிவுரை எதற்கு என்று தோன்றலாம். ஆனால் வெளியூரிலிருந்து காசு செலவழித்து வந்தவர்களுக்குத் தூங்குவதுதான் மிகக் கடினம். "சும்மா படுத்திருக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று யாராவது ஒருவர் நிச்சயம் கேட்பார். அவரைத் தனியாக வெளியே அனுப்பிவையுங்கள். அரை மணியில் திரும்பிவிடுவார்.

தண்ணீர்த் தாகம் எடுக்கும் வரை காத்திருக்காதீர்கள். தெருவில் இளநீர், நுங்கு, நீர்மோர், வெள்ளரிப் பிஞ்சு, நன்னாரி சர்பத் எல்லாம் கிடைக்கும். நுங்கை உங்கள் கண்முன் சீவித் தரச் சொல்லுங்கள். சர்பத் கடையில் ஐஸ் போடாமல் கேளுங்கள். பகலில் பிரியாணி வேண்டாம். மோர்சாதமும் மாவடுவும் சாப்பிட்டுப் பாருங்கள், மாலையில் நன்றி சொல்வீர்கள்.

யாருக்காவது தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு வந்தால் நிழலில் உட்காரவைத்து, ஆடையைத் தளர்த்தி, ஈரத் துணியால் உடம்பைத் துடைத்து, ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். உடம்பு கொதித்து, பேச்சு குழறினாலோ நினைவு தடுமாறினாலோ வாயில் எதையும் ஊற்றாமல், உடம்பைக் குளிர்வித்துக்கொண்டே 108ஐ அழையுங்கள். முதியவர்களும் குழந்தைகளும் "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்வதை நம்பாதீர்கள்.

இரண்டாம் நாள்: அரண்மனை

அரண்மனையைப் பகல் வெயிலுக்கு ஒதுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். கூரை இருக்கிறதே என்பது அவர்கள் நியாயம். ஆனால் கூடத்துக்குக் கூடம் போகத் திறந்த முற்றங்களைத்தான் கடக்க வேண்டும். திறக்கும் நேரத்துக்கே போய்விடுவது நல்லது. நாயக்கர்கள் தொடங்கி, 1674 முதல் 1855 வரை ஆண்ட மராட்டியர்கள் விரித்துக் கட்டிய வளாகம் இது. உள்ளே கலைக்கூடம், தர்பார் மண்டபம், சரசுவதி மகால் நூலக அருங்காட்சியகம் என்று தனித்தனிப் பகுதிகள், தனித்தனிச் சீட்டுகள். வாசலில் வாங்கிய ஒரு சீட்டே எல்லாவற்றுக்கும் என்று நினைத்துச் சண்டை போடாதீர்கள். கேமராவுக்கும் சீட்டு கேட்பார்கள். வாரவிடுமுறை நாள் எது என்று முதல் நாளே விடுதியில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நேரம் குறைவாக இருந்தால் கலைக்கூடத்தின் செப்புத் திருமேனிகளை மட்டும் பாருங்கள். அதற்குள்ளும் நேரம் குறைவு என்றால் ஒரே ஒரு திருமேனி: திருவெண்காட்டிலிருந்து கிடைத்த ரிஷபவாகன தேவர். 1011ஆம் ஆண்டை ஒட்டியது. தலைமுடியைத் தலைப்பாகை போலச் சுற்றிக் கட்டிக்கொண்டு, ஒரு காலை மாற்றிவைத்து, கையைக் காளையின் மேல் ஊன்றி நிற்கிறார் சிவன். காளை இல்லை. கை காற்றில்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கைக்குக் கீழே காளையின் கனம் தெரிகிறது. பின்னால் போய் முதுகையும் பாருங்கள். பக்கத்தில் நாணி நிற்கும் தேவியை அதற்கு மறு ஆண்டு செய்திருக்கிறார்கள். நான் இந்த இருவர் முன்னாலும் நின்ற நேரத்தையெல்லாம் கூட்டினால் ஒரு முழுநாள் வரும்.

சரசுவதி மகாலை வளர்த்தெடுத்தவர் இரண்டாம் சரபோஜி. ஓலைச்சுவடிகள் ஆய்வாளர்களுக்கு, நமக்குக் காட்சிக்கூடம். அதே மன்னருக்குப் பாடம் சொன்ன பாதிரியார் சுவார்ட்சின் தேவாலயம் 1779இல் கட்டியது, சிவகங்கைப் பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. உள்ளே, மரணப்படுக்கையில் இருக்கும் ஆசிரியரைச் சரபோஜி வந்து பார்க்கும் பளிங்குச் சிற்பம் இருக்கிறது. லண்டனில் ஜான் பிளாக்ஸ்மன் செதுக்கியது. பூட்டியிருந்தால் அங்கேயே யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

மாலையில் புன்னைநல்லூர் மாரியம்மன் கோயிலுக்குப் போகலாம். ஆட்டோவில் சிறிது தூரம்தான், ஏறும் முன்பே வாடகையைப் பேசிவிடுங்கள். புற்றுமண்ணால் ஆன அம்மனின் முகத்தில் கோடையில் முத்து முத்தாக வியர்க்கும் என்பது ஊர் நம்பிக்கை. மே மாதம் இந்த ஊரில் இருந்துவிட்டு அதை நம்பாமல் இருப்பது கடினம்.

மூன்றாம் நாள்: கும்பகோணம் பக்கம்

இங்கேதான் பேராசை தலைதூக்கும். ஒரே நாளில் ஒன்பது கோயில் என்று வண்டி பிடிக்கிறார்கள். ஒருமுறை நானும் ஒரு வேன்காரர் பேச்சைக் கேட்டு ஏழு கோயில்களுக்குப் பணம் கட்டினேன். நான்காவது கோயில் நடை சாத்தியிருந்தது, ஐந்தாவதில் யாரும் வண்டியை விட்டு இறங்கவில்லை, ஆறாவதும் ஏழாவதும் எவை என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை.

இரண்டு போதும். விடியற்காலையில் கிளம்பி முதலில் கங்கைகொண்ட சோழபுரம். தஞ்சாவூரிலிருந்து சுமார் 70 கி.மீ. திறந்தவெளியில் தனியாக நிற்கும் கோயில் என்பதால் எட்டரைக்குமேல் அங்கே தாங்காது. ராஜராஜனின் மகன் ராஜேந்திரன், தந்தை கட்டியதைவிடச் சற்றே குட்டையாகக் கட்டினான். நேர்கோடாக ஏறிய தந்தையின் விமானத்தை மகன் உள்வளைத்து நெளியவிட்டான். வடக்கு வாசல் படியருகே அடியார் சண்டேசருக்குச் சிவன் பூச்சூட்டும் சிற்பத்தை விட்டுவிடாதீர்கள்.

திரும்பும் வழியில் தாராசுரம். கும்பகோணத்தை ஒட்டி இருக்கிறது. பேருந்தில் வருகிறவர்கள் தஞ்சாவூர்–கும்பகோணம் பேருந்தில் தாராசுரம் என்று கேட்டே இறங்கலாம். இரண்டாம் ராஜராஜன் கட்டிய இந்தக் கோயில் சிறிது, ஆனால் ஒவ்வொரு விரற்கடையிலும் வேலை. குதிரை பூட்டிய தேர் வடிவ மண்டபம், ஒரே தலையை யானையும் காளையும் பங்கு போட்டுக்கொள்ளும் சிற்பம், கையளவுக் கற்களில் அறுபத்துமூவர் கதை. வெயில் ஏறினாலும் தூண்களுக்கிடையே நிழல் கிடைக்கும் என்பதால்தான் இதை இரண்டாவதாக வைத்தேன். பகல் உணவுக்குக் கும்பகோணத்துக்குள் போய்விடுங்கள். டிகிரி காபியை வெயிலைக் காரணம் காட்டி விட்டுவிடாதீர்கள்.

கல்லணை பார்க்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். மேட்டூர் அணை திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. அதற்கு முன் வந்தால் பெரும்பாலும் மணலைத்தான் பார்ப்பீர்கள். காவிரியை அப்படிப் பார்க்க எனக்கு மனம் வராது.

வாங்குவது

கடைசி மாலைக்கு வையுங்கள். முதல் நாளே வாங்கினால் சுமக்க வேண்டும். தஞ்சாவூர் ஓவியத்தில் தங்கத் தகடா, வெறும் பளபளப்புத் தாளா என்று கேட்டு, பதிலை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்குகிற கடையில் வாங்க வேண்டாம். அரசின் பூம்புகார் விற்பனை நிலையத்தில் முதலில் விலையைப் பார்த்துவிட்டுப் பிறகு மற்ற கடைகளுக்குப் போனால் உங்களுக்கே ஓர் அளவு கிடைத்துவிடும். ரயிலில் திரும்பும்போது, கண்ணாடிச் சட்டம் போட்ட படத்தைப் படுக்கைக்கு அடியில் தள்ளாதீர்கள். மேல்படுக்கையில் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

தலையாட்டி பொம்மை வாங்கினால், தலையும் உடலும் தனித்தனியாக ஆடும் வகையைப் பிரித்துக் காகிதத்தில் சுற்றித் தரச் சொல்லுங்கள். அடி கனத்த ராஜா, ராணி பொம்மைகளுக்கு அந்தக் கவலை இல்லை, எந்தப் பையிலும் போடலாம். சித்தப்பா மகன் அன்று வாங்கிய ராஜா இன்னும் அவர்கள் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேல் ஆடிக்கொண்டிருக்கிறார். அவனுக்கு இப்போது இருபது வயது. சென்ற மே மாதம் வந்தபோது காலை ஐந்தரைக்கே எங்களை எழுப்பிவிட்டான், கையில் நான்கு ஜோடி காலுறையோடு.